நெகிழ்வட்டும் ஒரு சுவடியே

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு விழா ஒன்றில் தமிழ் விரிவுரையாளர் ஒருவர் நெய்தல் திணை குறித்தோ புதுக்கவிதை குறித்தோ பேசுவதே மரபு. பழைய கணிப்பொறிகளைச் செப்பனிட்டுப் பயன்படுத்தும் பொழுதுபோக்கு என்னும் தலைப்பை அழைப்பிதழில் கண்ட அன்பர் ஒருவர், "பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தருபவர் பேச வேண்டிய பொருள் ஆயிற்றே" என்றார். அவர் சொன்னது நகைச்சுவைதான். எனினும், அந்தப் பழைய இரும்புக்குள் தமிழ் இருக்கிறது. பேரீச்சம்பழத்திற்கு அதனை விற்றுவிட்டால் திரும்பக் கிடைக்காது என்பதே நான் இன்று சொல்ல வந்த செய்தி.

வடக்கே ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து ஏவுகலன்கள் எழுவதை நம் குப்பத்துப் பிள்ளைகள் வீட்டு வாசலில் நின்றே பார்க்கின்றனர். அத்தகைய வானத்தின் கீழ் நின்றுகொண்டு முப்பதாண்டுக்கு முந்தைய பொறியைத் துடைத்துக்கொண்டிருப்பானேன் என்னும் வினா எழுவது இயல்பே. அதற்கு விடை காண, கணிப்பொறிக்குள் தமிழ் எவ்வாறு நுழைந்தது என்பதைச் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும்.

பல கதவுகள் வழியே நுழைந்த தமிழ்

ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணிப்பொறி 1981 ஆகஸ்டு 12-ஆம் நாள் வெளிவந்தது. அதன் தொடக்க வடிவின் நினைவகம் வெறும் 16 கிலோபைட்டு. அது ஆங்கில எழுத்துகளை எண்ணியே செய்யப்பெற்ற பொறி. ஓர் எழுத்துக்கு ஓர் எண் என்னும் முறையில் அதனுள் இருந்தவை 256 இடங்களே. அவற்றிலும் பாதி இடங்களில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் குறிகளும் முன்னரே அமர்ந்துவிட்டன.

இடம் இல்லாத வீட்டில் இடம் பிடிக்கத் தமிழர் பலர் பல வழிகளில் முயன்றனர். 1980-களின் நடுப்பகுதியில் கனடாவிலிருந்து முனைவர் சீனிவாசனின் 'ஆதமி' வந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' செயலியை உருவாக்கினார். இந்தியாவில் கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றி, பின்னர்ப் புணேயின் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த 'ஜிஸ்ட்' அட்டை, பொறிக்குள் செருகியவுடன் திரையில் இந்திய மொழிகளை எழுதிக் காட்டியது. 1993-இல் சுவிட்சர்லாந்திலிருந்து முனைவர் கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை விலையின்றி வழங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் பெருமுயற்சியால் 1995 அக்டோபரில் இணையத்தில் தமிழ் ஏறியது. அன்று ஏறியவை சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிக் கவிதைகள் என்பதனைக் கவிஞர்கள் கருத்தில் கொள்ளல் வேண்டும். இணையத்தில் தமிழ் எடுத்துவைத்த முதலடிகளுள் ஒன்று கவிதையின் அடியே!

இவர்கள் அனைவரும் போற்றுதற்குரியோர். ஆயினும், ஒவ்வொரு செயலியும் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனத் தனி எண் ஒழுங்கை வைத்துக்கொண்டது. ஒன்றில் 'க' இருந்த இடத்தில் மற்றொன்றில் 'ள' இருந்தது. தட்டச்சு விசைப்பலகை ஒழுங்கைத் தழுவிய 'பாமினி' எழுத்துருவில் எழுதிய 'தமிழ்' என்னும் சொல்லை அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் திறந்து பாருங்கள். நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே தென்படும். நம் மொழியின் பெயரே அதன் உருவை இழந்து நிற்கும்.

இக்குழப்பத்தைத் தீர்க்க 1997-இல் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழிணைய மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் என்னும் குறியேற்றங்களும் வந்தன. அதே காலத்தில் இணையத்தில் திஸ்கி என்னும் குறியேற்றமும் பரவியது. யூனிகோடு என்னும் ஒருங்குறியில் 1991-லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பெற்றிருந்தும், அது நடைமுறைக்கு வர விண்டோஸ் 2000 போன்ற இயங்குதளங்கள் வரவேண்டியிருந்தது. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது 2010-இல். ஆக, ஏறத்தாழ இருபதாண்டுக் காலத் தமிழ், ஒன்றோடொன்று பேசாத பல கூண்டுகளுக்குள் இருந்தது. அவற்றுள் அச்சேறியவை பிழைத்தன. அச்சேறாத கவிதை, திருத்தப்படி, களக்குறிப்பு, கடிதம் ஆகியவற்றின் நிலை என்ன என்பதே நம்முன் உள்ள வினா.

கண்ணின் வரிசையும் காதின் வரிசையும்

இலக்கணம் பயின்றோர்க்குச் சுவை தரும் செய்தி ஒன்றுண்டு. மெய்யை அடுத்தே உயிர் தோன்றும் என்பது தொல்காப்பிய நெறி. 'கெ' என்று ஒலிக்கும்போது ககரமெய் முன்னும் எகரவுயிர் பின்னும் வருகின்றன. எழுதும்போதோ ஒற்றைக்கொம்பை முதலில் இட்டுப் பிறகு ககரத்தை எழுதுகிறோம். பழைய எழுத்துருக்கள் எழுதும் கையின் வரிசையைப் பின்பற்றிக் கொம்பை முன்னும் ககரத்தைப் பின்னும் சேமித்தன. ஒருங்குறியோ ஒலியின் வரிசையைப் பின்பற்றி ககரத்தை முன்னும் எகரக்குறியைப் பின்னும் சேமிக்கிறது. 'கொ' என்பது பழைய முறையில் மூன்று துண்டுகள். புதிய முறையில் இரண்டே.

எனவே ஒரு பழைய கோப்பைப் புதிய வடிவிற்கு மாற்றுதல் எண்ணுக்கு எண் ஈடுவைக்கும் எளிய வேலை அன்று. அது பாடம் பார்க்கும் வேலை. ஓலைச்சுவடியில் மெய்க்குப் புள்ளி இராது. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் அத்தகைய ஏடுகளின் முன் அமர்ந்து இது எவ்வெழுத்து என்று கண்டனர். 1887-இல் முன்னவர் கலித்தொகையையும் பின்னவர் சீவக சிந்தாமணியையும் பதிப்பித்தனர். பழைய கோப்பின் முன் அமர்பவர்க்கும் அந்தப் பொறுமை வேண்டும்.

பொறியை எழுப்புதல்

இனி, பொறிக்கு வருவோம். கோப்பு மட்டும் போதாதோ, பொறி எதற்கு எனலாம். கடைத்தெருவில் 'ப்ளாப்பி' என வழங்கும் நெகிழ்வட்டுகளுள் மூன்றரை அங்குல வட்டைப் படிக்கும் இணைப்புக் கருவிகள் இன்றும் கிடைக்கின்றன. ஐந்தேகால் அங்குல வட்டைப் படிக்கும் கருவியை இன்றைய பொறிகளில் நேரே பொருத்த வழியில்லை. மேலும், கோப்பை எழுதிய செயலியும் எழுத்துருவும் பெரும்பாலும் அந்தப் பொறியின் வன்தட்டில் மட்டுமே இருக்கும். பூட்டு வட்டில் இருக்க, திறவுகோல் பொறியில் இருக்கிறது என்று கொள்க.

பல்லாண்டு உறங்கிய பொறியை வாங்கியதும் மின்னிணைப்புக் கொடுத்துப் பார்ப்பது கூடாது என்பது இத்துறையின் முதற்பாடம். முதலில் மேலுறையைத் திறந்து பார்க்க வேண்டும். 286, 386, 486 வகைப் பொறிகளின் தாய்ப்பலகையில் நாளும் நேரமும் நினைவில் வைக்க ஒரு சிறு நிக்கல்-காட்மிய மின்கலம் பற்றவைக்கப்பெற்றிருக்கும். காலப்போக்கில் அது கசிந்து, காரநீர் செம்புத் தடங்களை அரித்துவிடும். அதனை வெட்டியெடுத்து, நீர்த்த வினிகரால் காரத்தை முறித்து, தூய நீரால் கழுவி, நன்றாக உலர்த்த வேண்டும். அறுந்த தடங்களை மெல்லிய கம்பியால் இணைத்துப் பற்றாசு வைக்க வேண்டும். அடுத்து மின்தேக்கிகள். சில உலர்ந்துபோயிருக்கும், சில மின்சாரம் பட்டவுடன் வெடிக்கும். அவற்றை முன்னரே சோதித்து மாற்றுதல் நலம். சென்னை ரிச்சி தெருவில் இவற்றிற்கு மாற்று உறுப்புகள் கிடைக்கின்றன. ஓர் எச்சரிக்கையும் இங்கே கூறியாக வேண்டும்: பழைய கண்ணாடிக் குழல் திரைகள் இணைப்பை எடுத்த பின்னும் உயர் மின்னழுத்தத்தைத் தம்முள் தேக்கி வைத்திருக்கும். பழகாதவர் அவற்றைத் திறக்கலாகாது.

நம் ஊருக்கென ஒரு தனிப் பகையும் உண்டு. அதுதான் உவர்க்காற்று. படகின் இயந்திரத்தைத் தின்னும் அதே காற்று பொறியின் இணைப்பு முனைகளிலும் பச்சைக் களிம்பை ஏற்றிவிடுகிறது. படகு இயந்திரம் பழுதுபார்க்கும் நம் இளைஞர்கள் இக்கலையில் விரைந்து தேர்ந்ததற்கு அதுவே காரணம் என்று எண்ணுகிறேன். துருவையும் களிம்பையும் அறிந்த கைகள் அவை. அட்டைகளின் பொன்முலாம் பூசிய விளிம்பை மாணவர் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்ககாலால் துடைத்துச் செருகியவுடன், இறந்ததென்று விட்ட பொறி ஒற்றைக் கூவலோடு விழித்ததை நான் கண்டிருக்கிறேன். அந்தக் கூவலைக் கேட்டவர்க்கு இப்பொழுதுபோக்கின் இன்பம் இன்னதென்று விளக்க வேண்டியதில்லை.

எதனை மாற்றலாம், எதனைக் காக்கலாம்

பழம்பொறி ஆர்வலரிடையே ஓயாத ஒரு விவாதம் உண்டு. ஓசையிட்டுச் சுழலும் பழைய வன்தட்டிற்குப் பதிலாக, நிழற்படக் கருவிகளில் இடும் நினைவட்டையை ஒரு சிறு இணைப்பியின் வழியே பொருத்தலாம். நெகிழ்வட்டுக் கருவியின் இடத்தில் அதுபோல் நடிக்கும் வேறொரு கருவியைப் பொருத்தலாம். நினைவகத்தை உயர்த்தலாம். மஞ்சள் பூத்த நெகிழிப் பெட்டியை ஐதரசன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்து வெளுக்கலாம். வெயிலுக்கு நம் கரையில் பஞ்சமில்லை. இவற்றைச் செய்தால் பொறி நெடுநாள் உழைக்கும் என்பர் ஒரு சாரார். செய்தால் அது அந்தப் பொறியே அன்று என்பர் மற்றொரு சாரார்.

சுவடிப் பதிப்பில் நாம் நெடுங்காலம் கண்ட வழக்கே இது. ஏட்டிற்குப் புல்தைலம் தடவுவதையும் எழுத்து தெரிய மை ஏற்றுவதையும் எவரும் குறை கூறார். ஏட்டில் உள்ள பாடத்தைத் திருத்தினால் குறை கூறுவர். அந்த நெறியையே இங்கும் கொள்ளலாம். பொறி உயிர்த்திருக்க வேண்டியவற்றை மாற்றுக. அது எழுதியதையும் எழுதிய முறையையும் மாற்றாதீர். கழற்றிய உறுப்பை எறியாமல், எந்நாளில் எதற்காகக் கழற்றினோம் என்று சீட்டெழுதி வைத்திடுக.

பழம்பொறியைக் காட்சிப்பொருளாக வைக்காமல் எழுதுகருவியாகவே கொண்டோரும் உளர். அமெரிக்கப் புதின ஆசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின், இணையத் தொடர்பில்லாத டாஸ் பொறியில் 'வேர்ட்ஸ்டார் 4.0' என்னும் பழஞ்செயலியைக் கொண்டே தம் புதினங்களை எழுதுவதாக 2014-இல் தொலைக்காட்சி நேர்காணலில் கூறினார். எழுதுவோனை இடைமறிக்காத பொறி அது. தானாக எழுத்தைத் திருத்தாது, செய்தி வந்ததென்று மணியடிக்காது. கவிஞர்க்கு இதன் அருமை தெரியும்.

பிற நாட்டில் நிகழ்ந்தவை

பொழுதுபோக்கென்று தொடங்கியது கலைக்காப்பாக முடிந்ததற்கு ஒரு சான்று தருகிறேன். ஓவியர் ஆண்டி வார்கால் 1985-இல் அமீகா என்னும் கணிப்பொறியில் சில படங்களை வரைந்தார். அவ்வட்டுகள் பிட்சுபர்கு நகரில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் படிக்க இயலாமல் கிடந்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணிப்பொறி மன்றத்தினர், பழம்பொறிகளைச் செப்பனிடும் ஆர்வலர்கள், அவ்வட்டுகளின் காந்தப் பதிவைப் படியெடுத்து, எவரும் அறியாதிருந்த கோப்பு வடிவத்தை ஆராய்ந்து படங்களை மீட்டனர். 2014-இல் உலகம் அவற்றைக் கண்டது. எழுத்தாளர் சல்மான் ருஷ்டியின் பழைய மெக்கின்டோசு பொறிகளை எமரி பல்கலைக்கழகம் பெற்று, அவற்றுள் ஒன்றை அவர் பயன்படுத்திய தோற்றத்திலேயே ஆய்வாளர் திறந்து பார்க்குமாறு 2010-இல் அமைத்தது. அங்கே எழுத்தாளரின் பொறியையும் கைப்படியாகவே மதிக்கின்றனர்.

தமிழிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள், தொடக்கத்தில் பழைய குறியேற்றங்களில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றித் தந்தனர். காலந்தோறும் படியெடுத்தமையாலேயே நம் இலக்கியம் பிழைத்தது. ஓலை தன் ஆயுளால் பிழைக்கவில்லை.

நம் கரையில் ஒரு மீட்பு

இனி நம் வட்டத்தில் நிகழ்ந்ததைக் கூறுகிறேன். நம் மூத்த உறுப்பினர் ஒருவர் 1990-களின் நடுப்பகுதியில் கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் முதியோர் பாடிய வலையிழுப்புப் பாடல்களையும் தாலாட்டுகளையும் திரட்டினார். பழைய 386 பொறி ஒன்றில், அந்நாளில் விற்பனையில் இருந்த ஏதோ ஓர் எழுத்துருவில் அவற்றைத் தட்டெழுதி வைத்தார். பாடல்கள் சில சிறு நூலாக வந்தன. குறிப்பேடுகளோ 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நீர் வீட்டினுள் புகுந்தபோது போயின. பாடிய மூதாட்டியருள் பெரும்பாலோர் இன்று இல்லர். பரணில் இருந்த ஒரு பிஸ்கட்டு டப்பாவும் அதனுள் இருந்த நெகிழ்வட்டுகளும், துணி போர்த்திய அந்தப் பொறியுமே எஞ்சின.

நம் இளைஞர்கள் பொறியை மேற்கூறியவாறு செப்பனிட்டனர். வன்தட்டு சுழன்றது, எழுத்துரு கிடைத்தது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று அட்டவணை ஒன்றை அவர்களும் நானும் சேர்ந்து வரைந்தோம். வட்டுகளுள் சில பூஞ்சை பூத்து ஒரு தடமும் படிக்க முடியாமல் போயின. அவற்றுள் தாலாட்டுகள் இருந்தன என்பது உறையின்மேல் எழுதிய பெயரால் தெரிகிறது. அப்பெயருக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. மற்றவை திறந்தன.

திறந்தவற்றுள் அச்சுநூலில் இல்லாத ஒன்று இருந்தது. நூலில் ஒரு பாடலில் 'பாட்டுக்குப் போனவர்' என்று வருகிறது. பாடப்போன கணவனை நினைத்துப் பெண் பாடுவதாகவே நாம் அதனைப் படித்துவந்தோம். நான் வகுப்பிலும் அவ்வாறே பொருள் கூறக் கேட்டதுண்டு. வட்டில் இருந்த திருத்தப்படியில் அச்சொல்லின் கீழே, பாடிய மூதாட்டி கூறிய விளக்கம் குறிக்கப்பெற்றிருந்தது. அது பாடற்பாட்டு அன்று. ஏரியின் மீன்பிடி இடங்களை ஊர்களும் குடிகளும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு'. பாடு என்னும் சொல் வேற்றுமை ஏற்கையில் பாட்டு ஆகும் என்பது நாம் அறிந்ததே. அவன் தன் முறைநாளில் வலையோடு ஏரிக்குப் போனவன். அந்த ஒரு குறிப்பால் பாடல் முழுவதும் தன் நிலத்தில் வந்து நின்றது. கலை விருப்பத்தால் பிரிந்தவனை எண்ணும் பாடலாக இருந்தது, முறை தவறினால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டிய குடும்பத்தின் கவலைப் பாடலாயிற்று. பொறி விழிக்காதிருந்தால் பிழைப்பொருளே நிலைத்திருக்கும்.

நிறைவாகச் சில வேண்டுகோள்கள்

கவிஞர் பெருமக்களே, உங்கள் வீட்டுப் பரணையும் பெட்டியையும் தேடிப் பாருங்கள். நெகிழ்வட்டு கிடைத்தால் உடனே எந்தக் கருவியிலும் செருகாதீர்கள். பூஞ்சை இருப்பின் ஒரே சுழற்சியில் மேற்பூச்சு உரிந்துவிடும். ஒலிபெருக்கி போன்ற காந்தப்பொருள்களின் அருகே வைக்காதீர்கள். ஈரம் புகாத பெட்டியில் இட்டு வட்டத்தில் சேருங்கள். எழுதிய பொறி இருந்தால் அதனையும் கொண்டுவாருங்கள், ஓடாவிட்டாலும் தாழ்வில்லை. எந்தச் செயலியில், எந்த எழுத்துருவில் எழுதினீர்கள் என்பதை நினைவிருக்கும்போதே ஒரு தாளில் குறியுங்கள்.

மீட்ட ஒவ்வொன்றையும் மூன்று வடிவில் காக்க வேண்டுகிறேன்: வட்டின் முழுப்படி, மாற்றாத மூலக்கோப்பு, ஒருங்குறியில் அமைந்த பாடம். ஒரு படி வட்டத்தில் இருக்கட்டும்; ஒரு படி இந்நீர்க்கரையை விட்டு விலகிய வேறோர் ஊரில் இருக்கட்டும். நம் நூலகத்தில் ஓடும் நிலையில் ஒரு பழம்பொறியை எப்போதும் வைத்திருக்கவும், அதனைச் செப்பனிடும் திறத்தை ஆண்டுதோறும் இருவர்க்கேனும் கற்பிக்கவும் வட்டம் முடிவெடுத்தல் வேண்டும். நம் பகுதிப் பெண்கள் பனையோலையில் பின்னும் பெட்டிகளை நாடெங்கும் விரும்பி வாங்குகின்றனர். அந்தப் பெட்டிகளில் ஒன்றை இப்பணிக்கென இம்மேடையின் கீழே வைத்திருக்கிறோம். வரும் திங்கள்கூட்டத்திற்குள் அது வட்டுகளால் நிறைய வேண்டும்.